தண்ணி கூடவே போறேன்: மேட்டூர்லேந்து எங்க வாய்க்கால் வரைக்கும்

வியாழன், ஜூன் 12, 2025, மேட்டூர்

வாரா வாரம் திண்ணையில உக்காந்து ஊரு விஷயம், நாட்டு நடப்புன்னு எழுதிட்டிருந்தேன். இந்த தடவை திண்ணை இல்ல, பஸ்ஸு. பாலிடெக்னிக் முடிச்சுட்டு வேலைக்கு எழுதிப் போட்டுட்டு காத்திருக்கான் என் மக வயித்துப் பேரன், அவனையும் கூட்டிக்கிட்டு மேட்டூருக்கு வந்துட்டேன். எங்க வீட்டுல மாத்திரை டப்பா, இட்லிப் பொடி, ரெண்டு போர்வை எல்லாம் கட்டிக் குடுத்து, இந்த வயசுல அணையில போயி என்ன பாக்கப் போறீங்கன்னு கேட்டுச்சு. நான் சொன்ன பதில் இதுதான். ஒவ்வொரு வருஷமும் மேட்டூர் திறந்தாச்சுன்னு டிவில போட்ட உடனே மெட்ராஸ்லேந்து, கோயமுத்தூர்லேந்து சொந்தக்காரங்க போன் பண்ணி "என்ன மாமா, தண்ணி வந்துட்டு போலருக்கே, ஜோரா விவசாயம் பண்ணுங்க"ன்னு சொல்றாங்க. எங்க ஊரு திருத்துறைப்பூண்டிக்கும் தலைஞாயிறுக்கும் நடுவுல, சுத்தமான கடைமடை, அதாவது ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம். மேட்டூர்ல திறக்கறதுக்கும் எங்க வாய்க்கால்ல தண்ணி தலைகாட்டுறதுக்கும் நடுவுல எவ்வளவு நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாது, தெரியாததுல அவங்க தப்பும் இல்ல. அதான் இந்த வருஷம் தண்ணி கூடவே எறங்கி வந்து, பாத்ததை எழுதிடலாம்னு முடிவு பண்ணேன்.

காலையில முதலமைச்சர் வந்து மதகைத் திறந்து வச்சார், பூ தூவுனாங்க, கூட்டம் நெரிஞ்சுது, நாங்க தூரத்துலேந்துதான் பாத்தோம். மதகுலேந்து வெள்ளையா நுரைச்சுக்கிட்டு வர்ற அந்தச் சத்தம் இருக்கே, நெஞ்சுக்குள்ள கேக்குது. கும்புட்டுக்கிட்டேன். பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தர் ஒரத்தநாட்டுப் பக்கம், அவரும் கும்புட்டார், கண்ணு கலங்கியிருந்துச்சு.

பேரனுக்கு அணையைப் பத்திச் சொல்லிக்கிட்டே நடந்தேன். 1925ல ஆரம்பிச்சு 1934ல முடிச்ச அணை, அப்ப மெட்ராஸ் கவர்னரா இருந்த ஸ்டான்லி பேரைத்தான் நீர்த்தேக்கத்துக்கு வச்சாங்க. 120 அடி, 93.47 டிஎம்சி தண்ணி புடிக்கும், ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி. அணை கட்டுனப்ப முழுகிப் போன ஊருங்க நெறைய. தண்ணி நல்லா எறங்குன வருஷம் பண்ணவாடி பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய மாதா கோயில் கோபுரமும் வெளிய தெரியும். நந்தி தெரியுதுன்னு பேப்பர்ல போட்டோ வந்தா எங்க ஊர்ல பேச்சு நின்னு போயிரும். இன்னிக்கு நந்தி தெரியல, அணையில 110 அடிக்கு மேல தண்ணி நிக்குது, அதுவே பெரிய நிம்மதி.

வழக்கமா மேட்டூர் திறக்கற தேதி ஜூன் 12, அதோட கணக்கு என்னன்னா, அன்னிலேந்து ஜனவரி 28 வரைக்கும் 230 நாளைக்கு 330 டிஎம்சி, இதுல மழை பேஞ்சா கொறைச்சுக்குவாங்க. ஆனா அந்த தேதிக்குத் திறக்கறதுங்கறது நம்ம கையில இல்ல. 2012லேந்து 2019 வரைக்கும் ஒரு வருஷம் கூட ஜூன் 12ல திறக்கல. 2020ல திறந்தாங்க. 2022ல மே 24லயே திறந்தாங்க, சுதந்திரத்துக்கு அப்புறம் மே மாசம் திறந்தது அதான் மொதல் தடவை. 2023ல தேதிக்குத் திறந்துட்டு, தண்ணி இல்லாம அக்டோபர் 10 அன்னிக்கு மூடிட்டாங்க, அந்த வருஷம் குறுவை, அதாவது ஜூன் தண்ணியை நம்பிப் போடற குறுகிய கால நெல்லு, போட்டவன் கருகிப் போனான், நேரடி விதைப்பு போட்ட எங்காளுங்க முளைச்சதைப் பாத்துட்டு மழையை நம்பி வானத்தைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. போன வருஷம் ஜூலை 28. ஆக இந்த வருஷம் தேதிக்குத் திறந்ததை சும்மா சாதாரணமா எடுத்துக்க முடியாது.

வெள்ளி, பவானி, கரூர் வழியா திருச்சி

காலையில பவானி கூடுதுறையில முழுக்குப் போட்டோம். சங்கமேஸ்வரர் கோயில்ல கூட்டம் இல்ல. பவானி ஆறும் காவேரியும் சேர்ற எடத்துல நின்னு பேரன் "தாத்தா, இங்க இவ்வளவு தண்ணி போவுதே, நம்ம ஊருக்கு ஏன் பத்தல"ன்னான். இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில பதில் சொல்ல முடியல, பஸ் ஏறி கரூர் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வந்தேன்.

காவேரித் தண்ணிக்காக நமக்கும் கர்நாடகாவுக்கும் உள்ள வழக்குக்கு 1990ல நடுவர் மன்றம் அமைச்சாங்க, 2007ல தீர்ப்பு, எல்லையில இருக்கற பில்லிகுண்டுல நமக்கு வருஷத்துக்கு 192 டிஎம்சி. அதுக்கப்புறம் 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் 177.25ன்னு கொறைச்சுது. மாசாமாசம் இவ்வளவுன்னு கணக்கு இருக்கு, ஜூன் மாசத்துக்கு 9.19, ஜூலைக்கு 31.24. மழை நல்லா பேஞ்ச வருஷத்துல இந்தக் கணக்கே தேவைப்படாது, அவங்க அணையும் ரொம்பி தன்னால வரும். கெட்ட வருஷத்துலதான் கணக்கு வேணும், அப்பதான் கணக்கு நடக்காது. மேகதாதுல 67 டிஎம்சிக்கு அணை கட்டணும்னு அவங்க ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. பெங்களூருக்குக் குடிதண்ணி வேணும்ங்கறதை நான் இல்லைன்னு சொல்லல, அங்கயும் புள்ளகுட்டிங்க இருக்கு. ஆனா இப்ப தானா வழிஞ்சு வர்ற உபரித் தண்ணியையும் தேக்கி வச்சுக்கிட்டா, கெட்ட வருஷத்துல கடைசியில நிக்கிற எங்களுக்கு என்ன வரும்? இதுக்கு பதில் சொல்லாம அணை பத்திப் பேசறதை என்னால ஏத்துக்க முடியாது.

கரூர்லேந்து குளித்தலை வழியா ரோடு ஆத்தை ஒட்டியே வருது. வாழை, வெத்தலைக் கொடிக்கால், தென்னை. லாலாப்பேட்டையில வாழைத்தாரு மலை மாதிரி அடுக்கிக் கெடந்துச்சு. பச்சையைப் பாத்து சந்தோஷம்தான். ஆனா ஆத்தைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கு, நான் சின்ன வயசுல இந்த வழியா போனப்ப கரைக்கும் மணலுக்கும் அவ்வளவு எறக்கம் கெடையாது. மணல் அள்ளி அள்ளி ஆறு எறங்கிப் போச்சு. ஆறு எறங்குனா வாய்க்கால் தலைப்பு, அதாவது ஆத்துலேந்து வாய்க்கால் பிரியற வாய், மேல நின்னுடும், ஆத்துல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், வாய்க்காலுக்கு ஏறாது. முன்னாடி பாதி ஆறு ஓடுனாலே பாஞ்ச வாய்க்காலுக்கு இப்ப முழு ஆறு வேணும்.

சனி, முக்கொம்பு

அக்கா மக வீடு திருச்சியில. ராத்திரி அங்க தங்கிட்டு, காலையில முக்கொம்பு. சனிக்கிழமைங்கறதால புள்ளைங்க கூட்டம், பூங்கா, ஐஸ் வண்டி. இங்கதான் காவேரி ரெண்டா பிரியுது, வடக்க கொள்ளிடம், தெற்க காவேரி. 1836ல ஆர்தர் காட்டன் கட்டுன மேலணை. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி கொள்ளிடத்துல 9 மதகு இடிஞ்சு போச்சே, அந்த எடம்தான். அன்னிக்கு டிவில பாத்துட்டு நான் தூங்கல. அந்த வருஷம் தண்ணி கரைபுரண்டு ஓடுச்சு, ஓடுன தண்ணி அத்தனையும் கடலுக்கு, எங்க பக்கம் கடைமடையில வந்து சேரலன்னு அதே வாரம் மறியல் பண்ணிட்டிருந்தாங்க. வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆத்துல ஒரே வாரத்துல. இப்ப பக்கத்துலயே புது கதவணை கட்டிட்டாங்க, நல்லா உறுதியாத்தான் இருக்கு.

மேட்டூர் தண்ணி இன்னும் முழு வேகத்துல வரல, ஆனா ஆத்துல ஈரம் ஏறுற மாதிரி நிறம் மாறியிருக்கு, செம்மண் கலங்கல்.

ஞாயிறு, கல்லணை

இன்னிக்கு கல்லணை திறப்பு. விதை நெல்லும் பூவும் தூவி திறந்தாங்க. கரிகாலன் சிலையைச் சுத்தி கூட்டம்.

இங்க நாலாப் பிரியுது: காவேரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். கல்லணைக் கால்வாயை எங்க பக்கம் புதாறுன்னு சொல்லுவோம், மேட்டூர் கட்டுனப்ப வெட்டுனது. எங்க தண்ணி வெண்ணாத்துத் தண்ணி. வெண்ணாத்து மதகுக்கு நேரா போய் நின்னுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தேன். ஆத்து மணல்ல பாறையைப் போட்டு அது தானா புதைஞ்சு எறங்க எறங்க மேல மேல அடுக்கி, நடுவுல களிமண்ணைப் பூசி கட்டுனதுன்னு சொல்லுவாங்க. காட்டன் துரையே இதைப் பாத்துதான் ஆத்து மணல்ல அஸ்திவாரம் போடக் கத்துக்கிட்டார். ரெண்டாயிரம் வருஷத்து அணை இன்னும் வேலை செய்யுது, பேரனுக்கு அது நம்பவே முடியல, சிவில் படிச்ச பையன் வேற, குனிஞ்சு குனிஞ்சு கல்லைத் தொட்டுப் பாத்தான்.

டீக்கடையில ஒரே பேச்சு நகைக்கடன் பத்திதான். இதைப் பத்தி நான் கொஞ்சம் நீளமா எழுதணும், ஏன்னா முப்பது வருஷத்துக்கு மேல கூட்டுறவு சங்கத்துல செகரட்டரியா இருந்தவன், எடை போட்டு வாங்கி இரும்புப் பெட்டியில வச்சவன் நான். ஜூன் மாசம் எங்க ஊர்ல பொம்பளைங்க கழுத்தும் காதும் காலியாத்தான் இருக்கும். உழவுக்கு, விதைக்கு, வரப்பு வெட்ட, எல்லாத்துக்கும் மொத காசு தோடும் சங்கிலியும்தான். அறுத்து வித்த காசுல தைக்கு அப்புறம் மீட்டு, ரெண்டு கல்யாணத்துக்குப் போட்டுட்டு, மறுபடி ஜூன்ல உள்ள வச்சிருவாங்க. ஏப்ரல்ல ரிசர்வ் பேங்க் ஒரு வரைவு போட்டாங்க, நகை உன்னுதுதானான்னு ஆதாரம் வேணும், மதிப்புல 75 சதவீதம்தான் கடன், அது இதுன்னு. பாட்டி போட்டிருந்த சங்கிலிக்கு எந்த ரசீது இருக்கும்? தமிழ்நாடு முழுக்க சத்தம் போட்டாங்க, நியாயமான சத்தம். இந்த மாசம் 6ஆம் தேதி இறுதி விதி வந்திருக்கு, ரெண்டரை லட்சம் வரைக்கும் 85 சதவீதம் குடுக்கலாம்னு. இது நல்ல மாத்தம். கேட்டா மாறுதுங்கறதுக்கு இது ஒரு சாட்சி, அதனால கேக்கறதை விடக்கூடாது.

இன்னொண்ணு பயிர்க்கடனுக்கு சிபில், அதாவது பழைய கடனை ஒழுங்கா கட்டுனமான்னு போடற மார்க்கு, பாக்கணும்ங்கற பேச்சு. சங்கத்துல உக்காந்தவனா சொல்றேன், ஒரு விவசாயி கடனைக் கட்டுவானா மாட்டானான்னு எங்க சங்கத்துக்குத் தெரிஞ்சது எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. புயல் அடிச்ச வருஷம் கட்ட முடியாதவன் அடுத்த வருஷம் மொத ஆளா வந்து நிப்பான். 2018 கஜா அப்புறம் தென்னை முழுக்க போன ஆளுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு வட்டியோட கொண்டாந்து குடுத்ததை நான் கண்ணால பாத்தேன். டிராக்டர் லோன்ல ரெண்டு தவணை தவறுனதுக்காக அவனுக்குப் பயிர்க்கடன் இல்லைன்னா, அவன் மீட்டர் வட்டிக்காரன்கிட்டதான் போவான். 2021ல 12,110 கோடி பயிர்க்கடனைத் தள்ளுபடி பண்ணாங்க, நல்லது, ஆனா தள்ளுபடியை விட நேரத்துக்குக் கடன் கெடைக்கறதுதான் விவசாயிக்கு முக்கியம், இதை நான் வேலையில இருந்தப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்றேன்.

திங்கள், தென்பெரம்பூர், நீடாமங்கலம்

தஞ்சாவூருக்கு வடமேக்கால தென்பெரம்பூர். வெண்ணாறு இங்க வெட்டாறா ஒரு கை பிரியுது. தண்ணி எங்களுக்கு முன்னாடியே வந்துட்டு, மெதுவா, குப்பையைத் தள்ளிக்கிட்டு, பிளாஸ்டிக் பாட்டில், தெர்மாகோல், பழைய செருப்பு. மொதத் தண்ணியில இதுதான் வருது இப்பெல்லாம். எங்க காலத்துல மொதத் தண்ணி வந்தா நுரையும் சருகும் வரும், பின்னால பயலுங்க ஓடி வருவாங்க.

அங்கேருந்து பஸ்ஸுல நீடாமங்கலம். வழியெல்லாம் போர் இருக்கற எடத்துல குறுவை நட்டு பச்சைக் கட்டியிருக்கு, போர் இல்லாத எடத்துல நாத்தங்கால்தான். ஒரு வயல்ல பத்துப் பன்னெண்டு பேரு நட்டுக்கிட்டிருந்தாங்க, எல்லாம் ஆம்பளைங்க, இளவட்டம். எறங்கிப் போயி பேசுனோம். மேற்கு வங்காளமாம். பேரன் போன்ல பேசிப் பேசி மொழிபெயர்த்தான். அவங்க ஊர்லயும் நெல்லுதான், அங்க நடவு முடிச்சுட்டு இங்க வர்றாங்க, ஏக்கருக்கு இவ்வளவுன்னு ஒப்பந்தம், பம்புசெட் கொட்டாயில தங்கல், சொந்தச் சமையல். கயித்தைப் புடிச்ச மாதிரி நேரா நடறாங்க, வேகம்னா வேகம். வயக்காரரு சொன்னாரு, "அண்ணே, நம்ம பொம்பளையாளுங்க யாரும் வர்றதில்லண்ணே, நூறு நாள் வேலைக்குப் போறாங்க, இல்லாட்டி திருப்பூர் பஸ் ஏறிடறாங்க." நான் அவர்கிட்ட மறுத்துத்தான் பேசுனேன். நூறு நாள் வேலை 2005 சட்டம், அது வந்த பொறவுதான் நடவுக்கூலியை ஏத்திக் கேக்க அந்தப் பொம்பளைங்களுக்கு ஒரு தெம்பு வந்துச்சு. எங்க ஊர்ல கூலி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும், இங்கேருந்து ரொம்ப தூரம் இல்ல கீழவெண்மணி, 1968ல கூலி கேட்டதுக்கு 44 பேரை எரிச்ச மண்ணு இது. ஆளு கெடைக்கலன்னு கொறைபட்டுக்கறப்ப இதை மறந்துட்டுப் பேச முடியாது. அவரு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அதுவும் சரிதான்"னாரு. எளனி வெட்டிக் குடுத்தாரு, காசு வாங்கல.

மூணாறு தலைப்புல பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறுன்னு மூணாப் பிரியுது. ஷட்டர் கிட்ட லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடற ஊழியர், இருந்தாரு, வயசுக்காரரு, அடுத்த வருஷம் ரிட்டையர்ட். அவருக்குக் கீழ இருந்த எடமெல்லாம் காலியாவே கெடக்காம், முன்னாடி நாலு ஆளு பாத்த வேலையை ஒத்த ஆளா சைக்கிள்ல போயி பாக்கறாரு. "ஐயா, மேலேந்து இவ்வளவு கன அடின்னு போன் வரும், ஆனா கீழ எந்த வாய்க்காலு தூந்து கெடக்குன்னு ஆபீஸ்ல ஒக்காந்திருந்தா தெரியாதுங்கய்யா, நடந்தாத்தான் தெரியும்"னாரு. இந்த ஒத்த வாக்கியத்துக்காகவே நான் இவ்வளவு தூரம் வந்தது தகும்.

புதன், ஜூன் 25, ஊர்

வந்து சேந்ததும் காலு வீங்கிடுச்சு, எங்க வீட்டுல ரெண்டு நாளு வெளிய விடல. அதான் எழுதத் தாமதம்.

எங்க பக்கம் குறுவை கெடையாது, மெட்ராஸ்காரங்க இதைத் தெரிஞ்சுக்கணும். நிலத்தடித் தண்ணி உப்பு, போர் போட முடியாது. ஆத்துத் தண்ணி, மழைத்தண்ணி, ரெண்டே ரெண்டுதான். ஆவணிக்கு முன்ன பின்ன புழுதி உழவு ஓட்டி நேரடியா விதைப்போம், ஒரே ஒரு சம்பா. அப்ப ஜூன்ல திறந்த தண்ணி எங்களுக்கு எதுக்குன்னா, மொதல்ல குளம் ரொம்பணும், மாடு கண்ணு குடிக்கணும், கோடை பூரா ஆத்துல ஏறி நிக்கிற கடல் தண்ணி கீழ தள்ளிக்கிட்டு போவணும். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன்ல அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறெல்லாம் கரையை ஒசத்தி மதகு புதுப்பிச்சாங்க, அதுல நல்ல பலன் இருக்கு, மறைக்கக் கூடாது. ஆனா ஆத்தோட நின்னு போச்சு வேலை. ஆத்துலேந்து வயலுக்கு வர்ற பிரிவு வாய்க்கால், கன்னி வாய்க்கால் எல்லாம் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கெடக்கு.

இன்னிக்கு காலையில அரிச்சந்திரா நதியில தண்ணி வந்துட்டு. கரண்டைக்கால் மட்டம்தான், ஆனா வந்துட்டு. எங்க வாய்க்கால் தலைப்புல நின்னு பாத்தேன், தலைப்புத் தரை ஒரு முழம் மேல நிக்குது. ஆத்துல இன்னும் ஏறுனாத்தான் உள்ள வரும், வந்தாலும் அம்பதடி தாண்டி காட்டாமணக்குக்குள்ள நின்னுடும்.

சாயங்காலம் மாரியம்மன் கோயில் வாசல்ல கூட்டம் போட்டோம். அந்தக் காலத்துல குடிமராமத்துன்னு வீட்டுக்கு ஒரு ஆளு மம்பட்டியோட வரணும், வராதவன் வயலுக்கு தண்ணி கட்டுறதில்ல. 2017ல அரசாங்கம் அதே பேருல திட்டம் போட்டாங்க, ஆனா அது காண்ட்ராக்டர் வேலையா போயிட்டு. இன்னிக்கு வந்தவங்கள்ல அறுவதுக்குக் கீழ இருந்தது எண்ணிப் பாத்தா ஒரு கை வெரல்தான். மத்த புள்ளைங்க சிங்கப்பூர், திருப்பூர், மெட்ராஸ். குத்தகைக்கு விட்டுட்டு வெளியூர்ல இருக்கறவங்க நிலத்துக்கு யாரு காசு போடறதுன்னு ஒரு மணி நேரம் சண்டை. குவிண்டால் நெல்லுக்கு மத்திய அரசு போன மாசம் 69 ரூபா ஏத்தி 2369ன்னு அறிவிச்சிருக்கு, 2021 தேர்தல்லயே நமக்கு 2500 சொன்னாங்க, அது வந்தா போடறோம்ங்கறாரு ஒருத்தரு. வெல வர்ற வரைக்கும் தண்ணி காத்துக்கிட்டு இருக்குமா தம்பின்னு கேட்டேன். கடைசியில ஒரு மா நிலத்துக்கு, அதாவது ஏக்கர்ல மூணுல ஒரு பங்குக்கு, 150 ரூபா, நிலக்காரர் பாதி குத்தகைக்காரர் பாதின்னு முடிவாச்சு. வெளியூர்க்காரங்களுக்கு வாட்ஸப்புல வாய்க்கால் போட்டோவோட அனுப்பற பொறுப்பு பேரனுக்கு, அவன் கூட்டம் முடியறதுக்குள்ளயே அனுப்பிட்டான், சிங்கப்பூர்லேந்து மூணு பேரு உடனே பணம் போட்டுட்டாங்க.

வெள்ளிக்கிழமை ஜேசிபி வருது. தலைப்புலேந்து ஆரம்பிச்சு கீழ வரைக்கும் காட்டாமணக்கை வேரோட எடுக்கணும், கிழிச்சு அப்படியே கரையில போட்டா மறு மழைக்குத் துளுத்துடும், அதனால டிராக்டர் வச்சு அள்ளி எரிக்கறதுக்கும் சேத்துதான் காசு வாங்கியிருக்கோம். தலைப்புத் தரையை எறக்கறது நம்ம கை வேலை இல்ல, நீர்வளத்துறை ஆளுங்கதான் செய்யணும், அதுக்கு இந்த மாச விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல மனு குடுக்கறோம். மனுவுல தலைப்பு எவ்வளவு மேல நிக்குதுன்னு அளந்து எழுதணும்னு பேரன் சொன்னான், நாளைக்கு காலையில டேப் எடுத்துக்கிட்டு போறோம்.